நாசிக் ஒயின் டூர்: குட்டி ஒயினரிகளின் பாட்டில் ஏன் உங்க ஊர் கடைக்கு வருவதில்லை?

கோதாவரி, கும்பமேளா, வெங்காய மண்டி... நாசிக் என்றதும் நினைவுக்கு வரும் இந்தப் பட்டியலில் கடந்த 20 வருஷத்தில் சேர்ந்த இன்னொரு பெயர், ஒயின். மும்பையிலிருந்து சுமார் 170 கி.மீ. தூரம் என்பதால் வீக்எண்ட் ஆனால் போதும், கார்கள் திராட்சைத் தோட்டங்கள் பக்கம் திரும்பிவிடுகின்றன.

பெரும்பாலானோர் நேராகப் போவது சுலாவுக்கு. அதைத் தாண்டி கங்காபூர் அணைக்கரை, நிபாட், இகத்புரி என்று சுற்றினால் சின்னச் சின்ன ஒயினரிகள் இருக்கின்றன. அங்கே ருசி பார்த்து, ‘அட, நல்லா இருக்கே’ என்று பெயரைக் குறித்துக்கொண்டு வந்து சென்னையிலோ கோவையிலோ தேடினால், அந்தப் பாட்டில் கிடைப்பது அரிது. அது ஏன்? அங்கே போனால் என்ன பார்க்கலாம், எப்படி ருசிக்கலாம்?

நாசிக்கில் ஒயின் வந்தது எப்படி?

நாசிக் ஏற்கெனவே திராட்சை ஊர்தான். ஆனால் அங்கே விளைந்தது தாம்சன் சீட்லெஸ் போன்ற, சாப்பிடுகிற திராட்சை. ஒயின் திராட்சை வேறு ரகம். பழம் சின்னது, தோல் தடிமன், உள்ளே கொட்டை. நிறமும் துவர்ப்பும் தோலிலும் கொட்டையிலும்தான் இருக்கின்றன என்பதால், கடையில் விலை போகாத இந்தக் குணங்களே ஒயினுக்குத் தேவை.

அமெரிக்காவில் ஐடி வேலையை விட்டு வந்த ராஜீவ் சாமந்த், 1990-களில் இங்கே ஒயின் திராட்சை நட்டார். சுலாவின் முதல் ஒயின் 2000-ல் வந்தது. மறு வருஷமே மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கு தனிக் கொள்கை கொண்டுவந்து, மாநிலத்தில் விளைந்த திராட்சையில் செய்யும் ஒயினுக்கு கலால் வரிச் சலுகை கொடுத்தது. அதை நம்பி பல விவசாயக் குடும்பங்கள் ஒயினரி தொடங்கின.

இரண்டு கவாத்து, ஒரு அறுவடை

பிரான்ஸில் குளிர்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். நாசிக் வெயிலில் அது தூங்காது. அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. முதல் கவாத்தில் கொடி பலப்படும். இரண்டாவதில்தான் பழத்துக்கான துளிர் வரும்.

இதனால் ஐரோப்பாவில் செப்டம்பரை ஒட்டி நடக்கும் அறுவடை, இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது. டூர் போக சரியான சீசனும் அதுதான். பழம் பறிப்பது, அரைப்பது, நொதிப்பது எல்லாவற்றையும் நேரில் பார்க்கலாம். ஜூலையில் போனால் பச்சைப் பசேல் என்று இருக்கும், கொடியில் பழம் இருக்காது.

டூரில் என்ன காட்டுவார்கள்?

முதலில் ஸ்டீல் டேங்குகள். ஈஸ்ட், திராட்சையின் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவது அதற்குள்தான். பலரும் ஆச்சரியப்படும் விஷயம், பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளிலும் சாறு நிறமற்றதுதான். தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால் ரெட் ஒயின். சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்து வடித்தால் ரோஸே. ஒயிட் ஒயினுக்கு, முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள்.

அடுத்து ஓக் மரப் பீப்பாய்கள். வழக்கமான ஒரு பீப்பாய் 225 லிட்டர். 750 மி.லி. பாட்டிலில் கணக்குப் போட்டால் 300 பாட்டில். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தொட்டியில் இறங்கி திராட்சையை மிதிக்கும் ரீல்ஸ் சமாச்சாரம் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகவே. விற்பனைக்கான பழத்தை மெஷின்தான் அரைக்கிறது.

ருசிப்பது எப்படி?

டேஸ்டிங்கில் ஒவ்வொரு ஒயினும் ஒன்றிரண்டு மடக்கு அளவுதான் ஊற்றுவார்கள். லைட்டானதில் தொடங்கி அழுத்தமானதுக்குப் போக வேண்டும். ஒயிட் முதலில், ரெட் பிறகு. நிறத்தைப் பாருங்கள், கிளாஸை லேசாகச் சுழற்றுங்கள், மோந்து பாருங்கள், அப்புறம் ஒரு மடக்கு.

சோவினியோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாய், வெட்டிய புல் வாசனை வரலாம். ஷிராஸில் மிளகு வாசனை வந்தால் அது கற்பனை இல்லை. மிளகில் உள்ள ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ‘டானின்’ என்று சொன்னால் குழம்ப வேண்டாம். நாவல்பழம் சாப்பிட்டதும் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான்.

மேஜையில் இருக்கும் சின்ன வாளி, துப்புவதற்கு. துப்பினால் அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். தொழில்முறையில் ருசிப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

சின்ன ஒயினரிகளில் கூட்டம் குறைவு என்பதால் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். நிபாட் பக்கம் குந்தேவாடியில் உள்ள ரெவெய்லோ, இத்தாலிய ரகங்களான கிரில்லோ, நீரோ டாவோலாவில் ஒயின் செய்கிறது. இகத்புரி பக்கம் முக்னே அணை அருகே வலோனே இருக்கிறது. கங்காபூர் அணைப் பகுதியில் குடும்பத் தொழிலாகத் தொடங்கிய யார்க் ஒயினரியை பின்னர் சுலாவே வாங்கிவிட்டது.

சரி, நம்ம ஊருக்கு ஏன் வருவதில்லை?

மது மாநில அரசுகளின் அதிகாரத்தில் வருகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் விற்க தனி அனுமதி, தனி வரி. ஒவ்வொரு லேபிளையும் தனித்தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் மொத்த விற்பனையும், 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில்.

இப்போது பீப்பாய் கணக்குக்கு வருவோம். ஒரு ரகத்தில் 10 பீப்பாய் செய்தால் 3,000 பாட்டில். பெரிய கம்பெனிக்கு அந்தக் கட்டணம் லட்சக்கணக்கான பாட்டில்களில் கரைந்துவிடும். 3,000 பாட்டில் செய்பவர் நாலைந்து மாநிலத்துக்குக் கட்டினால் லாபமே போய்விடும். அதனால் பல குட்டி ஒயினரிகளுக்கு டேஸ்டிங் ரூம்தான் முக்கியமான கடை. இடைத்தரகர் கமிஷன் இல்லாமல் விற்கும் இடமும் அதுதான்.

அந்தக் கடையில் கூட்டம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2000-களின் கடைசியில் நாசிக் பார்த்தது. உலகப் பொருளாதார மந்தம், 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலா சரிவு, தேவைக்கு மேல் உற்பத்தி எல்லாம் சேர்ந்து பல ஒயினரிகள் முடங்கின. ஒயின் திராட்சையைச் சந்தையில் சாப்பிடும் பழமாகவும் விற்க முடியாது. வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள்.

2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்க மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சிறிய ஒயினரிகளுக்கும் விவசாயிகளுக்கும் உதவும் என்றது அரசு. குடிப்பழக்கம் வீட்டுக்குள் நுழையும் என்று அண்ணா ஹசாரே உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற விவாதம் இது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதையும் மறக்கக் கூடாது.

போவதற்கு முன்...

* முன்கூட்டியே போன் செய்து புக் பண்ணுங்கள். சிறிய இடங்களில் தினமும் டூர் இருக்காது.

* ஒரு நாளைக்கு இரண்டு ஒயினரி போதும். வெறும் வயிற்றில் ருசிக்க வேண்டாம்.

* டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி.-யைத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

* பெட்டி பெட்டியாக வாங்கும் முன், உங்கள் மாநிலத்துக்குள் எவ்வளவு கொண்டுவரலாம் என்று பாருங்கள். பில்லை பத்திரமாக வைத்திருங்கள்.

* கடைசியாக, ‘இது உங்க சொந்தத் தோட்டத்துப் பழமா, எந்த வருஷ அறுவடை?’ என்று கேளுங்கள். சின்ன ஒயினரியில் இதற்குப் பதில் சொல்ல, சில சமயம் அந்தக் கொடியை நட்டவரே வந்து நிற்பார்.