3 மணி நேரக் குடிநீர், 75 ஆண்டுச் செந்தூரம்

சித்த மருத்துவம் மருந்துகளை அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்து வைத்திருக்கிறது. எந்த மூலிகை, எந்த நோய் என்பதெல்லாம் இந்த வகுப்பில் வராது. சாறு, குடிநீர், சூரணம், மணப்பாகு, மெழுகு, பற்பம் என்று எல்லாமே செய்முறையால் வந்த பெயர்கள். அகமருந்துகளுக்கு ஆயுளும் குறித்திருக்கிறார்கள். சாறும் குடிநீரும் 3 மணி நேரம்; சூரணம் 3 மாதம்; மணப்பாகு, நெய், இளகம் 6 மாதம்; எண்ணெய் ஓராண்டு; மெழுகு 5 ஆண்டு; செந்தூரம் 75, பற்பம் 100, சுண்ணம் 500 ஆண்டு.

500 ஆண்டுக் கணக்கை யாரும் சோதித்துப் பார்த்திருக்க முடியாது. ஆனால் வரிசையின் போக்கு தெளிவானது. சூரணம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும், பொதுவாக மருந்தில் கிருமிக்குக் கிடைக்கும் நீர் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு நாள் அது நிற்கிறது.

குடிநீர் என்றால் சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, நீரில் கொதிக்கவைத்து, நாலில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றவைத்து வடிப்பது. நீரில் கரையும் சத்துகள் இறங்கிவிடும். கூடவே, ஆறியதும் நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான ஈரமும் உணவும் அதிலேயே இருக்கின்றன. டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீரைக் காலையில் காய்ச்சி இரவு வரை வைத்துக் குடித்தவர்கள் பலர். பழைய மருத்துவர்கள் அதை மதியத்துக்கே கொட்டச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் மூலிகையின் இலைச்சாற்றைச் சர்க்கரையோடு பாகு காய்ச்சினால் கதை மாறுகிறது. மணப்பாகில் தண்ணீர் உண்டு. ஆனால் அதைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குக் கிடைப்பதில்லை. பாகில் விழும் கிருமியின் உடலிலிருந்தே நீர் வெளியே இழுக்கப்படும். ஆடாதோடை மணப்பாகு இருமல் மருந்தாக நிலைத்ததில் இதற்கும் பங்குண்டு: கசப்பும் அடங்கும், மருந்தும் கெடாது. அந்த இலையின் வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. இன்றைய இருமல் டானிக்குகள் பலவற்றின் லேபிளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

நெய்யும் எண்ணெயும் வேறு வேலை செய்கின்றன. நீரில் கரைய மறுக்கும் பொருள்கள் கொழுப்பில் கரையும். மஞ்சளின் குர்குமின் அப்படிப்பட்டது. தனியாக விழுங்கினால் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். கொழுப்பைத் தவிர மிளகும் இதற்கு உதவுகிறது. பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பிப்பெரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது உடல் அதை ஏற்பது 20 மடங்கு கூடியது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சித்த மருந்துகளில் திரும்பத் திரும்ப வருவதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தேனோ நெய்யோ வெந்நீரோ, எதில் குழைத்துக் கொடுப்பது என்ற அனுபானத்தையும் அப்படித்தான். மூலிகைப் பொடியைக் காப்ஸ்யூலில் அடைத்து விற்பவர்கள் இந்த அறிவை வெளியே விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

பற்பம் நெருப்பின் வேலை. சங்கையோ சிப்பியையோ மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் மூடிச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடமிடுவார்கள். உயிர்ப்பொருள் எரிந்துபோய்ச் சுண்ணச் சத்து மிஞ்சும். அதில் கிருமி தின்ன ஒன்றுமில்லை. முடிந்த பற்பம் விரல் ரேகைக்குள் புக வேண்டும், நீரில் தூவினால் மிதக்க வேண்டும், மினுக்கு இருக்கக் கூடாது. துகள் எவ்வளவு நுண்மை என்பதைக் கருவி இல்லாமல் அறிய நல்ல வழிகள் இவை.

ஆனால் பாதரசமோ காரீயமோ சேர்ந்த மருந்துக்கு இந்தச் சோதனைகள் போதாது. நுண்ணிய துகளிலும் நச்சு இருக்கலாம். அதை ஆய்வகக் கருவிதான் காட்டும். கெடாத மருந்து எல்லாம் தீங்கில்லாத மருந்து ஆகிவிடாது. உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாமல் பொட்டலத்தில் மடித்துத் தரும், உலோகச் சரக்கில் செய்த செந்தூரத்தை, அதுவும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும், யார் சொன்னாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.