வீட்டு முன்றிலில் ரோஜா வளர்ப்போம்

தோட்டக் குடியிருப்புகளில் துளசியும் செம்பருத்தியும் இல்லாத முன்றில் அரிது. ரோஜா வளர்க்க விரும்புவோரும் பலர். ஆயினும், கேமரன் மலையிலிருந்து வாங்கி வந்த செடி சில மாதங்களில் இலையுதிர்ந்து பட்டுப்போனதும், ‘சமவெளி வெப்பத்திற்கு ரோஜா வராது’ என்று கைவிட்டுவிடுகின்றனர். இம்முடிவு சரியன்று. பொருந்தாத வகை, நீர் தேங்கும் மண், இலையில் நீங்காத ஈரம் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் செடியைக் கெடுக்கின்றன. இவற்றை நாம் திருத்திக்கொள்ள இயலும்.

வகையைத் தெரிந்தெடுத்தல்

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களுள் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே பூத்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் அங்கே சென்று கலந்த பிறகே, ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பூக்கும் வகைகள் பெருகின. குளிர்காலமே இல்லாத நம் சமவெளிக்கு, சீன ரோஜாவின் வழிவந்த, கொத்துக் கொத்தாகப் பூக்கும் புதர் வகைகள் ஏற்றவை. மணம் விரும்புவோர் பன்னீர் ரோஜாவை நடலாம். எதுவாயினும், சமவெளியிலேயே வளர்ந்து பழகிய கன்றாகப் பார்த்து வாங்குதல் நலம்.

ரப்பர் கன்றில் ஒட்டுக் கட்டுவதை நம்மவர் நன்கறிவர். கடைகளில் விற்கும் ரோஜாக் கன்றுகள் பலவும் அவ்வாறு ஒட்டுக் கட்டியவையே. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிர் காட்டு ரோஜாவின் துளிராகும். அதனை அவ்வப்போது அடியோடு நீக்காவிடில், நல்ல ரோஜா நலிந்து காட்டுச் செடியே எஞ்சும்.

நடுதலும் உரமிடுதலும்

நாள்தோறும் 6 மணி நேரமாவது வெயில் படும் இடமே ரோஜாவுக்கு உரியது. காலை வெயில் சாலச் சிறந்தது. நீளம், அகலம், ஆழம் யாவும் 45 சென்டிமீட்டர் உள்ள குழி தோண்டுக. நம் தோட்ட மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையதாதலால், சிறிது சுண்ணாம்புத் தூள் கலந்து இரு வாரம் ஆறவிடுக. அதன் பின்னரே மக்கிய சாண உரத்தைச் சேர்த்தல் வேண்டும். இரண்டையும் ஒருசேர இட்டால் உரச்சத்து ஆவியாகி வீணாகும். மழைநீர் தேங்கும் இடமாயின், மேட்டுப் பாத்தியிலோ அடியில் துளையுள்ள பெரிய தொட்டியிலோ நடுக. செடிகளுக்கிடையே 1 மீட்டர் இடைவெளி இருந்தால் காற்றோட்டம் கிட்டும்.

கரும்புள்ளி நோய்

இலையில் கரிய புள்ளி தோன்றி, இலை மஞ்சளித்து உதிர்வதே கரும்புள்ளி நோய். இது ஒரு பூஞ்சணத்தால் வருவது. இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால்தான் இது தொற்றும். மாலையில் இலைமேல் நீர் தெளித்தால் இரவு முழுவதும் ஈரம் நிலைக்கும். ஆகவே காலையில், வேரடியில் மட்டும் நீர் ஊற்றுக. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பையிலிட்டு அகற்றுக. அவற்றை எருக்குழியில் இடலாகாது.

இலை சல்லடைபோல் துளைபட்டிருந்தால், அது இரவு வண்டுகளின் வேலையாக இருக்கலாம். இளஞ் செம்பனைக் கன்றுகளையும் இவை கடிக்கும். இரவில் கைவிளக்குடன் சென்று வண்டுகளைப் பிடித்து அழிக்கலாம்.

கவாத்து

வாடிய பூவைச் செடியில் விட்டுவைத்தால் செடி காய் பிடிப்பதில் சத்தைச் செலவிடும். எனவே, ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலைக்குச் சற்று மேலாக, வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்கு அருகில் வெட்டுக. பட்ட கிளைகளையும் மெலிந்த கிளைகளையும் நீக்கிக் கவாத்துச் செய்தால், ஏறக்குறைய 6 அல்லது 7 வாரங்களில் புதிய பூக்கள் மலரும். நவம்பர் இறுதியில் கவாத்துச் செய்வோர் பொங்கலுக்குத் தம் வீட்டு ரோஜாவையே சூடலாம்.

மறவாதிருக்க வேண்டியவை

தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் அது முழுக் கொசுவாகும். நீர் வற்றினும் முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தட்டே வைக்காதிருத்தல் இன்னும் நன்று. கொசு உற்பத்திக்கு இடமளிப்பது 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றமாகும்.

களைக்கொல்லி இருந்த கலன்களைக் கழுவிவிட்டோம் என்று எண்ணி நீரூற்றப் பயன்படுத்துவது பெருந்தீங்கு. எஞ்சிய சிறு நஞ்சும் செடியைக் கருக்கும்; அக்கலனைக் குழந்தைகள் எடுத்தால் உயிருக்கே கேடு. பாராகுவாட் 2020 சனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் பழைய கலன்கள் எங்கேனும் கிடக்கக்கூடும். அத்தகையவற்றை வீட்டுக்குக் கொண்டுவராதிருப்போமாக.

ஒரே ஒரு செடியுடன் தொடங்குவோம். அது தழைத்த பின், முற்றிய கிளையை ஒரு சாண் நீளம் வெட்டிப் பதியமிட்டு அண்டை வீட்டாருக்கும் வழங்குவோம். நம் குடியிருப்பு முழுவதும் ரோஜா மணம் கமழட்டும்.