அந்தரத்தில் நிற்கும் தூசி

காலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழும்போது, அந்த ஒளியில் தூசித் துகள்கள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைத் தாங்குவது காற்று. காற்றை வெளியேற்றிவிட்டுச் சிறிதளவு ஆர்கான் வாயு மட்டும் நிரப்பிய கலத்தினுள் தூசியைத் தூவினால் என்ன ஆகும்? கீழே விழுந்துவிடும் என்பீர்கள். ஆனால் அந்த வாயுவில் மின்சாரம் பாய்ந்து அது பிளாஸ்மாவாக ஒளிர்ந்து கொண்டிருந்தால், தூசி தரையைத் தொடுவதில்லை. அடித்தட்டுக்குச் சற்று மேலே அந்தரத்தில் நிற்கிறது! இது எப்படி?

தூசி பெறும் மின்னேற்றம்

குழல் விளக்கு எரியும்போது அதனுள் இருப்பதும் பிளாஸ்மாதான். வாயு அணுக்களில் சில தம் எலெக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனிகளாகின்றன. எலெக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து திரிகின்றன. ஆர்கான் அயனி எலெக்ட்ரானைவிடச் சுமார் 73,000 மடங்கு கனமானது. ஆகவே, இலேசான எலெக்ட்ரான்கள் மிக விரைந்து ஓடி, தூசியின்மேல் முதலில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. தூசி எதிர்மின்னேற்றம் பெறுகிறது. ஏற்றம் கூடக் கூட, புதிதாக வரும் எலெக்ட்ரான்களைத் தூசி விலக்குகிறது, அயனிகளை ஈர்க்கிறது. இரண்டின் வரவும் சமமாகும்போது ஏற்றம் நிலைபெறுகிறது. சில மைக்ரான் அளவுள்ள ஒரு துகளில் இவ்வாறு பல்லாயிரம் எலெக்ட்ரான்கள் சேர்ந்துவிடும்.

ஓரத்தில் ஓர் உறை

கலத்தின் அடித்தட்டுக்கும் இதே கதிதான். அதுவும் எதிர்மின் தன்மை அடைந்து, எலெக்ட்ரான்களை விரட்டுகிறது. எனவே தட்டை ஒட்டி எலெக்ட்ரான்கள் குறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று உண்டாகிறது. இதை 'உறை' என்பர். பிளாஸ்மாவின் நடுவே மின்புலம் மிகக் குறைவு; உறையிலோ வலிமை மிக்கது. தட்டை நெருங்க நெருங்க அது மேலும் வலுக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 7 மைக்ரான் விட்டமுள்ள பிளாஸ்டிக் துகளில் 10,000 எலெக்ட்ரான்கள் இருந்தால், அதன் எடையைத் தாங்கச் சென்டிமீட்டருக்குச் சுமார் 16 வோல்ட் மின்புலம் போதும். துகள் சற்றுத் தாழ்ந்தால் மின்விசை கூடி மேலே தள்ளும்; சற்று உயர்ந்தால் விசை குறைந்து எடை கீழே இழுக்கும். ஆகவே அது ஓரிடத்தில் நிலையாக நிற்கிறது. கனமான துகள்கள் தாழ்வாகவும் இலேசானவை உயரமாகவும் நிற்கும்.

சில்லுகளுக்கு வந்த ஆபத்து

இது வெறும் வேடிக்கையன்று. கணிப்பொறிச் சில்லுகளைச் செதுக்குவதற்குப் பிளாஸ்மா பயன்படுகிறது. ஒரு துகள் விழுந்தாலும் சில்லு கெட்டுவிடும். தூசி வெளியிலிருந்துதான் வருகிறது என்று எண்ணி, அறைகளை மிகத் தூய்மையாக வைத்திருந்தார்கள். 1989-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் கேரி செல்வினும் உடன் பணியாற்றியோரும் லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். பிளாஸ்மாவுக்குள்ளேயே தூசி பிறந்து வளர்ந்து, சிலிக்கன் தகட்டின் மேல் உறையின் விளிம்பில் மேகம்போல் தொங்கியது! மின்சாரத்தை நிறுத்தியதும் தாங்கிய விசை மறைய, அது தகட்டின்மேல் உதிர்ந்தது. திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான்!

தூசியாலான படிகம்

தொல்லை தந்த தூசி பிறகு ஆசானும் ஆயிற்று. ஒன்றையொன்று விலக்கும் துகள்கள் உறையில் ஒழுங்காக அணிவகுத்துப் படிகமாவதை, 1994-ல் ஜெர்மனி, தைவான், ஜப்பான் நாட்டு ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டனர். மேலிருந்து பார்த்தால் தேன்கூட்டின் அறைகளைப்போல அறுகோண ஒழுங்கு தெரியும். அணுக்களைப் போலன்றி, இத்துகள்களை ஒவ்வொன்றாகக் காமிராவில் பார்க்கலாம்! படிகம் உருகுவதையும் கண்ணெதிரே காணலாம். எடையின் தொல்லையின்றி ஆராய, 2001-ல் இச்சோதனை விண்வெளி நிலையத்துக்கும் சென்றது.

அடுத்த முறை வெயிற்கற்றையில் தூசியைக் காணும்போது, இதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.