ஐபொட்டும் கணினிச் சந்தையும்

ஒரு பண்டம் பிறிதொரு பண்டத்தின் விற்பனைக்கு வழிசமைப்பதை வணிக உலகம் 'ஒளிவட்ட விளைவு' என்கிறது. 2001இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபொட் எனும் கையடக்க இசைக்கருவி தொடக்கத்தில் மெக் கணினியுடன் மட்டுமே இயங்கிற்று. 2002இல் விண்டோஸ் பாவனையாளருக்கும் அது திறந்துவிடப்பட்டது. அவர்களை ஈர்க்கும் நோக்குடன் 2005 ஜனவரியில், திரையும் விசைப்பலகையுமற்ற மெக் மினி 499 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. 2004ஆம் நிதியாண்டில் ஏறத்தாழ 33 இலட்சமாயிருந்த மெக் விற்பனை மறு ஆண்டில் 45 இலட்சமாயிற்று. இவ்வுயர்வு முழுவதையும் ஐபொட்டின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. எனினும் அதன் கவர்ச்சிக்கும் இதிற் பங்குண்டு. ஆயின், சீனாவில் ஐபொட்டை உருவாக்கிய தொழிலாளர் வாரத்துக்கு 60 மணி எனும் வரம்பைப் பலகால் மீறி உழைத்தமையை 2006இல் அந்நிறுவனத்தின் ஆய்வே ஒப்புக்கொண்டது. ஒளிவட்டம் மறைப்பது இவ்வுழைப்பையே என்பது நமது கருத்து.