நடந்தே பார்த்த ஊர்கள் – 14: கடைசிப் பத்து மீட்டர்

சிங்கப்பூர் ஆற்றின் மேல் நிற்கும் கவானா பாலத்தில் ஒரு பழைய போலீஸ் அறிவிப்புப் பலகை இருக்கிறது. சுமையோடு 3 அந்தர் எடைக்கு மேலுள்ள வண்டிகளும், மாடு குதிரைகளும் பாலத்தில் ஏறக்கூடாது என்கிறது. இன்றைக்கு அங்கே மாடும் இல்லை, குதிரையும் இல்லை. அந்த 3 மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. அதையும் பாலத்தில் படித்த வேறு சில எண்களையும் கூட்டிக் கழித்தால் அடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கிடைக்கும். காலை எட்டு மணி வெயிலில் நின்று கணக்குப் போட்டேன்.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களைப் பொதுவில் போடுவார். ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய்க் கண்டுபிடிப்பவர், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு, பணம் எதுவும் கிடையாது.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வெகுகாலம் வேண்டுமென்றே பிசகாக அனுப்பிக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரைக்கும் தவறு வரும். 2000 மே 2 அன்று அந்தப் பிசகை நிறுத்தினார்கள். மறுநாளே, ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் காட்டோரத்தில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் எண்களை அறிவித்தார். வாளிக்குள் புத்தகங்கள், ஒரு கவண், பீன்ஸ் டின் ஒன்று. சில நாட்களுக்குள் ஆட்கள் தேடி வந்து கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

கணக்கு என்னைத் தெலுக் ஆயர் தெருவுக்குப் போகச் சொன்னது. வழியில் ராஃபிள்ஸ் பிளேஸ். அந்தக் கோபுரங்களுக்கு நடுவே வந்ததும் கைப்பேசிக்குத் தலை சுற்றிவிட்டது. திரையில் என் புள்ளி ஒரு வங்கிக்குள் நுழைந்து, தெருவைத் தாண்டி, மறுபடி பின்னால் போனது. 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களில் நாலின் சிக்னலாவது ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான் நாம் நிற்கும் இடம் பிடிபடும். இங்கே அவை கண்ணாடிச் சுவர்களில் மோதி, சுற்றிக்கொண்டு வந்து சேர்கின்றன. தூரம் கூடியதாக நினைத்துக் கருவி தடுமாறுகிறது. நல்ல வெட்டவெளியில்கூட ஐந்து, பத்து மீட்டர் முன்பின்னாகத்தான் இருக்கும். கடைசிப் பத்து மீட்டரில் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட வேண்டியதுதான். அதற்குமேல் ஒளித்தவரின் மனசைத்தான் படிக்க வேண்டும். அவர் எங்கே குனிந்திருப்பார், கை எவ்வளவு உயரத்துக்கு எட்டியிருக்கும், மழைநீர் படாத இடம் எது என்று யோசிக்க வேண்டும். எனக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே அதுதான்.

தெலுக் ஆயர் தெருவுக்குள் திரும்பியதும் வானம் திறந்துகொண்டது. இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகள், நிழலான ஐந்தடி நடைபாதை. தமிழ் முஸ்லிம்கள் 1828இல் கட்டத் தொடங்கிய நாகூர் தர்கா இந்தத் தெருவில்தான் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் கடல் தெய்வம் மாசுவுக்குச் சீனர்கள் எழுப்பிய தியான் ஹோக் கெங் கோயில். அதையும் தாண்டினால், நம்மவர்கள் குச்சுப் பள்ளி என்று அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல்.

எண்கள் முடிந்த இடத்தில் குழாய்களின் பின்பக்கம், பெஞ்சின் அடிப்பக்கம் என்று விரலால் தடவிக்கொண்டிருந்தேன். நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் என்னைக் கவனித்துவிட்டு, “என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்றார்.

“இல்ல பாய், வேற ஒருத்தர் ஒளிச்சு வச்சதைத் தேடுறேன்.”

விளக்கிச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோபுரங்கள் பக்கம் கையை நீட்டி, “அந்தக் காலத்துல அங்க பூரா கடல்தான். கப்பல்ல வந்தவங்க இந்தத் தெருவுலதான் கரையேறினாங்க” என்றார். 1880களில் கடலைத் தூர்க்கும் வரை இந்தத் தெருதான் கரை. பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றியாகத்தான் அவரவர் தொழுமிடங்களை இங்கேயே கட்டினார்கள். டப்பாவை ஒளித்தவர் எழுதியிருந்த குறிப்பும் இதையேதான் சொன்னது. இந்தக் கரையில் என்னை நிற்க வைக்கத்தான் பாலத்திலிருந்து கணக்குப் போட்டு இழுத்து வந்திருக்கிறார்.

டப்பா என்பது சுண்டுவிரலில் பாதி நீளமுள்ள உலோகக் குழாய். திருகித் திறந்தால், பீடி போல இறுகச் சுருட்டிய காகித நாடா. ஓரத்தில் ஈரம் ஏறியிருந்தது. பொடிப்பொடியாய்க் கையெழுத்துகள், சீன எழுத்தில் ஒன்று, ஒரு குழந்தை வரைந்த நட்சத்திரம். பேனாவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதற்குள் பேனா வைக்க இடம் ஏது! எங்கே கிடைத்தது என்று எழுதப் போவதில்லை. அடுத்து வருபவரும் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

இந்த வேலைக்கு யாருக்கும் கூலி இல்லை. இடம் தேர்ந்து, வரலாறு படித்து, புதிர் அமைத்து, தாள் நனைந்தால் மாற்றி, முன்பின் தெரியாதவன் ஒருவன் வந்து பார்க்கட்டும் என்று ஒருவர் இத்தனை மெனக்கெடுகிறார். எந்தச் சுற்றுலாக் கையேடும் எனக்கு இவ்வளவு அக்கறையோடு ஓர் ஊரைக் காட்டியதில்லை. ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும், அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. அவற்றைச் சரிபார்த்து அனுமதிப்பவர்களும் தன்னார்வலர்கள்தான்.

மதியத்துக்கு மேல் ஆன் சியாங் குன்றின் மரநிழலில் இன்னொன்றைத் தேடினேன். கடினம் 5க்கு 2 என்றுதான் போட்டிருந்தது. வேர்களுக்கிடையே, கைப்பிடிக் கம்பியின் அடியில், படிக்கட்டு ஓரத்தில் எல்லாம் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். டப்பா காணாமல் போயிருந்தால் வைத்தவருக்கு அப்படித்தான் தெரியவரும். பதிவு செய்தேன். மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்தது: வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தாராம், டப்பாவைக் காணோமாம், புதியது வைத்துவிட்டாராம், ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு நடை வர முடியுமா என்று கேட்டிருந்தார்.