மரத்தை எண்ணுகிறார்கள், மணியை எண்ணுவதில்லை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரம் நடும் முகாமில் வேலை பார்த்தவரிடம் போய், போன செவ்வாய்க்கிழமை எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேளுங்கள். 960 என்று யோசிக்காமல் சொல்வார். அன்றைக்கு எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினீர்கள், கன்றுப்பெட்டி வராமல் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டால் விழிப்பார். கூலி பாக்கி, காயத்துக்கான இழப்பீடு, வேலையில்லாக் காலத்துக்கான காப்பீடு என்று பின்னால் எந்தப் பிரச்சினை வந்தாலும் அதிகாரி முதலில் கேட்கப்போவது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். சட்டம் தொழிலாளியின் பக்கம் ஓரளவு நன்றாகவே நிற்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான ஒரே சான்றை எழுதிவைக்க மறந்துவிட்டு, சீசன் முடிந்த பிறகு புலம்புவதுதான் வருடாவருடம் நடக்கிறது.

அந்த மாகாணத்தில் வெட்டிய காட்டில் திரும்பக் கன்று நடுவது சட்டப்படியான கடமை. ஆண்டுக்குச் சாதாரணமாக 20 கோடிக்கு மேல் கன்றுகள் நடப்படுகின்றன. எல்லாம் மண்வெட்டியும் இடுப்பில் கட்டிய பையுமாக, மனிதக் கையால். கடற்கரைப் பக்கம் குளிர் விலகும் முன்பே தொடங்கும் வேலை, உள்நாட்டில் மே முதல் ஆகஸ்ட் வரை உச்சத்தில் இருக்கும். வேலையாட்களில் பெரும்பங்கு கல்லூரி மாணவர்கள். ஊரை விட்டு வெகுதூரத்தில் முகாம், சொந்தக் கூடாரம், கன்றுக்கு இத்தனை காசு என்று பீஸ் ரேட் கூலி. இந்த பீஸ் ரேட்தான் கண்ணைக் கட்டுகிறது. எவ்வளவு நட்டாயோ அவ்வளவு காசு, நடாவிட்டால் உன் பாடு என்று குழுத் தலைவரான க்ரூ பாஸ் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். பீஸ் ரேட்டில் வந்த தொகை, உழைத்த மணிக்கணக்குக்கு உரிய குறைந்தபட்ச ஊதியத்தை எட்டாவிட்டால், மீதியை முதலாளி போட்டு நிரப்பியே ஆகவேண்டும். குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூன் 1 அன்று மணிக்கு 17.85 டாலர் ஆனது. இது ஜூன் 1-ஆம் தேதிகளில் உயர்வது வழக்கம் என்பதால் வேலைக்குக் கிளம்பும் முன் அந்த ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை ஏழு மணிக்கு பிளாக்கில், அதாவது நடவேண்டிய வெட்டுநிலத்தில், இறங்கி மாலை ஐந்து வரை வேலை, நடுவில் அரை மணி சாப்பாடு. ஒன்பதரை மணி நேரம். மிகைநேர விதியை ஒதுக்கிவைத்தாலும், அந்த 17.85 டாலர் கணக்கில் 169.58 டாலர் வந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர் 700 கன்று நட்டார், கன்றுக்கு 16 காசு என்றால் கையில் 112 டாலர். அந்த ஒரு நாளில் மட்டும் 57.58 டாலர் இடிக்கிறது. சம்பளக் காலத்தின் எல்லா நாட்களையும் இப்படிக் கூட்டிப் பாருங்கள். பிளாக்கில் கன்றுக்காகக் காத்திருந்த நேரமும் வேலை நேரம்தான். முதலாளி சொன்ன இடத்தில், முதலாளி சொல்லித்தான் நிற்கிறீர்கள். சரியாக நடவில்லை என்று திரும்பப் போய்ப் பிடுங்கி நடச் சொன்னால் அந்த மணிகளும் கணக்கில் சேரும், புதிய கன்று ஒன்றுகூட நடாவிட்டாலும். வண்டியில் போகும் நேரம் சேருமா என்பது வேலை எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு நீங்களே தீர்ப்புச் சொல்லி விட்டுவிடாதீர்கள், நேரத்தை எழுதிவையுங்கள், அதிகாரி முடிவு செய்யட்டும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, அனுபவசாலிகள் ஒரு நாளில் முந்நூறு டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்களே, இதில் என்ன சுரண்டல் என்பது. சம்பாதிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. முதல் சீசன்காரருக்கும், பாறையும் வேரும் சருகுமான மோசமான நிலம் விழுந்தவருக்கும், மணிக்கட்டு வீங்கி வேகம் குறைந்தவருக்கும்தான் அது. ஒரே முகாமில் ஒருவர் நன்றாகச் சம்பாதிப்பது அடுத்தவருக்குக் குறைத்துக் கொடுக்கக் காரணம் ஆகாது. நீ மெதுவாக நடுகிறாய், நிரப்பிக் கொடுத்தால் எனக்கு நஷ்டம் என்பது முதலாளியின் வியாபாரக் கவலை. மெதுவானவரை வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் இருக்க அவருக்கு வழி உண்டு, வைத்துக்கொண்டு குறைத்துக் கொடுக்க வழி கிடையாது.

அடுத்தது முகாம் செலவு. நாளுக்கு 25 டாலர் என்பது பரவலாகக் கேட்கும் தொகை. சமையற்காரர், மூன்று வேளைச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல், ஈரத் துணி உலர்த்த ஒரு கூடாரம் என்று பார்த்தால் அது அநியாய விலை அல்ல. காட்டுக்குள் யாரும் அதற்குக் குறைத்துச் சாப்பாடு போட முடியாது. சிக்கல் வேறு இடத்தில். 60 நாளுக்கு 1,500 டாலர். மண்வெட்டி, பை, ஆணிப்பூட்ஸ், மழைச்சட்டை, கூடாரம், தூக்கப்பை என்று கிளம்பும் முன்பே ஒரு பெரிய தொகை கையை விட்டுப் போயிருக்கும். 112 டாலர் நாளிலிருந்து 25 போனால் மிச்சம் என்ன என்று யாரும் முன்கூட்டிப் போட்டுப் பார்ப்பதில்லை. கன்றுக்கு எத்தனை காசு என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். விடுமுறை நாளுக்கும் முகாம் செலவு உண்டா, மழையாலோ காட்டுத்தீயாலோ வேலை நின்ற நாளுக்கு உண்டா, 4 விழுக்காடு விடுமுறை ஊதியம் சம்பளச் சீட்டில் தனி வரியாக வருமா என்ற மூன்று கேள்விக்கும் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. மறுபடியும் சொல்கிறேன், வாய்ச்சொல் போதாது. உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் முகாம் செலவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தொழில் நடத்தும் செலவை, அதாவது வண்டி டீசல், வண்டிக்கு ஏற்பட்ட சேதம், நட்டது சரியில்லை என்று வனநிறுவனம் போட்ட அபராதம் போன்றவற்றை, ஒப்புதல் வாங்கிக்கொண்டும் உங்கள் தலையில் கட்ட முடியாது. வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பதும் அங்கே சட்டவிரோதம்.

கொடுக்கும் காசுக்கு முகாம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. 2012-இன் இண்டஸ்ட்ரியல் கேம்ப்ஸ் ரெகுலேஷன், குடிநீர், கழிவறை, கழிவுநீர், உணவுச் சுத்தம் எல்லாவற்றுக்கும் முகாம் நடத்துபவரைப் பொறுப்பாக்குகிறது. புகாரை அந்தப் பகுதியின் சுகாதார ஆணையத்துக்கு, வடக்கே என்றால் நார்தர்ன் ஹெல்த், தெற்கு உள்நாடு என்றால் இன்டீரியர் ஹெல்த், அங்குள்ள சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரிக்கு அனுப்பவேண்டும். யாராவது புகார் செய்தால்தான் போவோம் என்று அதிகாரிகள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 சாட்சி. அந்த ஜூலையில் கோல்டன் நகருக்கு அருகே, அரசு ஒப்பந்த வேலையில் இருந்த ஒரு முகாமில், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய தொழிலாளர்கள் சரியான சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் கூலியும் இல்லாமல் கிடந்தது வெளியே வந்தது. ஊதிய பாக்கியாக இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க உத்தரவானது. மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம் 55 பேருக்கு, கண்ணியத்துக்கு நேர்ந்த இழுக்குக்காகத் தலைக்கு 10,000 டாலர் வழங்கியது 2014-இல். நான்கு வருடம்! அரசு தன் காட்டில், தன் ஒப்பந்தக்காரர் நடத்திய முகாமை முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்திருந்தால் இந்த வழக்கே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே நோட்டுப் புத்தகம். சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய நோட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, ஒரு பென்சில். பேனா வேண்டாம், மழையில் மை ஊறிவிடும். தேதி, பிளாக் எண், வண்டி முகாமை விட்ட நேரம், பிளாக்கில் இறங்கிய நேரம், வேலை முடித்த நேரம், சாப்பாட்டு இடைவேளை, காத்திருந்தால் எவ்வளவு நேரம், எதற்காக, எந்த விலையில் எத்தனை கன்று, இவ்வளவும் தினமும் ஒரு பக்கத்தில். இரவில் அந்தப் பக்கத்தை செல்பேசியில் படம் எடுத்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதுவது பயன்படாது. எல்லா நாளும் ஒரே நேரமாக இருக்கும் நோட்டை யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு சம்பள நாளும் சீட்டு தருவது முதலாளியின் கடமை. அதில் மணிக்கணக்கும் பீஸ் ரேட் கணக்கும் இருக்கவேண்டும். மணிக்கணக்கே இல்லாத சீட்டு வந்தால், அல்லது எல்லா நாளும் எட்டு மணி என்று வந்தால், அன்றே மின்னஞ்சலில் கேளுங்கள்.

பாக்கி வராவிட்டால் போகவேண்டிய இடம் மாகாண அரசின் எம்ப்ளாய்மென்ட் ஸ்டாண்டர்ட்ஸ் பிராஞ்ச். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் கிடையாது, புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம். நோட்டின் படங்கள், சம்பளச் சீட்டுகள், வேலை தருவதாக வந்த மின்னஞ்சல், நீங்கள் போட்ட வித்தியாசக் கணக்கு ஒரே தாளில், இவற்றை இணையுங்கள். சாதாரணமாகப் பின்னோக்கி 12 மாத ஊதியம் வரை மீட்கலாம். நீ தொழிலாளி இல்லை, சப்-கான்ட்ராக்டர் என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் தயங்காதீர்கள். எம்ப்ளாய்மென்ட் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி அடிப்படை உரிமைகளை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. யார் எங்கே எப்படி வேலை செய்யச் சொன்னார் என்பதைத்தான் பார்ப்பார்கள். புகார் கொடுத்தால் அடுத்த வருடம் எவனும் வேலை தரமாட்டான் என்ற பயம் பொய்யல்ல, தொழில் சின்ன வட்டத்துக்குள் நடக்கிறது. பழிவாங்குவதை 83-ஆம் பிரிவு தடுக்கிறது என்று சொல்வதோடு நான் நிறுத்திவிடமாட்டேன். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கொடுங்கள், சான்றும் பலப்படும். மாதக்கணக்கில் இழுப்பார்கள், பதில் வராது, விசாரித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

காயம் தனி வழி. மணிக்கட்டுத் தசைநார் வீக்கத்தை, நடுபவர்கள் எல்லோருக்கும் வருவதுதானே என்று வலிமாத்திரை போட்டு ஓட்டுகிறார்கள். முதலுதவிக்காரரிடம் அன்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள், மருத்துவரிடம் வேலையில் வந்தது என்று சொல்லுங்கள், வேலைக் காயத்துக்கு இழப்பீடு தரும் ஒர்க்சேஃப் பி.சி.யில் படிவம் 6 கொடுங்கள். காலக்கெடு ஓராண்டு. முகாமை விட்டுக் கிளம்பியபின், முதலாளி தரவேண்டிய வேலைப்பதிவான ரெக்கார்ட் ஆஃப் எம்ப்ளாய்மென்ட், மத்திய அரசின் சர்வீஸ் கனடாவுக்குப் போய்விட்டதா, அதில் மணிக்கணக்கு உங்கள் நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேலையில்லாக் காப்பீடு அந்த மணிகளில்தான் நிற்கிறது. படிப்பு விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 24 மணிதான் வெளிவேலை; முழுநேரம் கன்று நடவேண்டுமானால், அது கல்லூரி முறைப்படி அறிவித்த விடுமுறையாக இருக்கவேண்டும். கோடைப் பருவத்தில் ஒரு பாடம் எடுத்திருந்தால்கூட முதலில் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

தேதிகளைக் கடைசியாக வைத்தேன், காரணம் அதிகம் தவறவிடப்படுவது அவைதான். நீங்களாக விலகினால் கடைசிச் சம்பளம் 6 நாளுக்குள் வரவேண்டும், அவர்கள் நீக்கினால் 48 மணி நேரத்துக்குள். கூலிப் புகாருக்கு, கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 6 மாதம்தான். ஆகஸ்ட் 20 கடைசி நாள் என்றால் பிப்ரவரி 20-க்குள் கொடுத்தாக வேண்டும். அடுத்த சீசனுக்கு மண்வெட்டி வாங்கும்போது நினைவு வந்தால், அதற்குள் மார்ச் ஆகியிருக்கும்.