எழுதப் பயிலுதல்

நன்கெழுதும் ஆற்றல் ஒருவனுக்குப் பிறவியிலேயே அமைவதோ, அன்றிப் பயிற்சியால் வருவதோ என்னும் வினா கற்றோரிடையே நெடுங்காலமாக வழங்கி வருவது. கவித்திறத்தைப் பற்றி யாம் ஒன்றும் கூறத் துணியோம். உரைநடை பயிற்சியாற் பெரிதும் வளரும் என்பதையோ, இவ்வாண்டு எம் வகுப்பில் நடைபெற்ற கட்டுரைப் பயிற்சியிற் கண்கூடாகக் கண்டோம். அவ்வளர்ச்சி எவ்வழியால் வந்தது என்பதை இச்சஞ்சிகையைப் படிக்கும் அன்பர்களுக்கு விளக்க முற்படுகின்றோம்.

இவ்விளக்கத்திற்கு வேண்டிய கணக்கைப் பவணந்தி முனிவரே நன்னூற் பாயிரத்தில் வகுத்து வைத்திருக்கின்றார். ஆசிரியர் உரைத்ததை முழுதும் மனங்கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையிற் காற்கூறேயாம். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வரும் என்பது அவர் கருத்து. இச்சூத்திரத்தைத் தேர்வின் பொருட்டு நெட்டுருச் செய்யாத தமிழ் மாணவர் அரியர். நூல் கேட்டலுக்காகச் சொல்லப்பட்ட அக்கணக்கு, எழுதுதலுக்கும் சிறிதும் பிசகாமற் பொருந்துகின்றது.

முதலில் ஆசிரியர் தரும் காற்கூறு. பள்ளிக்கூடத்தினின்று வரும் மாணவன் ஒரு நடையைக் கையோடு கொண்டு வருகின்றான். தேர்வில் தாள் நிரம்ப வேண்டும், நேரமோ குறைவு. ஆகவே எப்பொருளுக்கும் பொருந்தும் முகவுரை ஒன்றையும், எவ்விடத்தும் செருகத்தக்க மேற்கோள் நாலைந்தையும், எதற்கும் இசையும் முடிவுரை ஒன்றையும் அவன் சேமித்து வைக்கின்றான். இதனைக் குற்றமென்று யாம் கூறோம். மழைக்காலத்திற்கு விறகு சேர்ப்பார் செய்கையை யார் பழிப்பர்? ஆனால் அவ்விறகைக் கொண்டே வீடு கட்ட இயலாது.

எம் ஆசிரியர் கட்டுரைகளைத் திருத்தித் தருவதில்லை. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ஒன்றன் பெயரை மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவார். 'மிகைபடக் கூறல்' என்றிருக்கும். அல்லது 'மற்றொன்று விரித்தல்' என்றிருக்கும். எவ்வரியில், எதனால் என்பதை எழுதியவரே தேடிக் காண வேண்டும். எம் வகுப்பில் மிகுதியாக வழங்கிய பெயர் 'சென்று தேய்ந்து இறுதல்' என்பது. பெரு முழக்கத்தோடு தொடங்கிய பொருள் போகப்போக மெலிந்து மறைவதே அக்குற்றம்.

தென்பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றினின்று வந்த அன்பர் 'எம்மூர்க் குளம்' என்னும் பொருள்பற்றி எழுதினார். உலகத் தோற்றத்தில் தொடங்கி, நீரின் பெருமையைக் கூறி, பண்டை மன்னர் குளந்தொட்ட சிறப்பை விரித்து, அவர் தம்மூர்க் குளக்கரையை அடைந்தபோது மூன்றாம் பக்கம் முடிந்துவிட்டது. ஆசிரியர் அவரை நோக்கி, "உங்கள் குளத்திற்கு எத்தனை மடை? மறுகால் எந்தப் பக்கம் பாயும்?" என்று மட்டும் வினவினார். அன்பர் தடையின்றி விடை கூறினார். எந்த மடையை யார் திறப்பது, கடைமடை வயற்காரர் இரவில் ஏன் உறங்குவதில்லை என்பனவெல்லாம் அவர் வாயினின்று தாமே வந்தன. அடுத்த கிழமை அவர் எழுதிக் கொணர்ந்த கட்டுரை முதல் வரியிலேயே மடையைத் திறந்தது. அவருக்குப் புதிதாக ஓர் அறிவும் ஊட்டப்படவில்லை என்பதை அன்பர்கள் நோக்க வேண்டும். தாம் அறிந்தது எழுதத்தக்கதே என்னும் துணிவு ஒன்றே அவர்க்குக் கிடைத்தது. ஆசிரியர் தரும் காற்கூறு பெரும்பாலும் இத்தகையதே.

உடன் பயில்வார் தரும் காற்கூறு வேறு வகையினது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் உரக்கப் படித்தல் வேண்டும் என்பது எம் வகுப்பின் விதி. எழுதியவர் தாமே படிப்பின், எழுதாததையும் குரலாற் சேர்த்துவிடுவார். பிறர் படிக்குங்கால் தாளில் உள்ளது மட்டுமே செவியில் விழும்.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்பது. அதற்குமுன் வினையெச்சங்களை எத்தனை வேண்டுமாயினும் அடுக்கலாம் என்று மொழி இடங்கொடுக்கின்றது. இஃது உரிமையுமாம், கண்ணியுமாம். படிப்பவர் முற்றுவினை வரும்வரை எல்லாவற்றையும் நெஞ்சிற் சுமந்து செல்ல வேண்டியிருக்கின்றது. படிக்கும் நண்பர் எவ்விடத்தில் மூச்சுவிடத் தவிக்கின்றாரோ, அவ்விடத்தில் ஒரு முற்றுவினை வேண்டப்படுகின்றது என்பதை நூல்களினும் செவியே எமக்கு நன்கு உணர்த்திற்று.

ஒருநாள் "மாணவர் மணியடித்து வகுப்பிற் புகுந்தனர்" என்றொரு வரி படிக்கப்பட்டது. வகுப்பு நகைத்தது. மணியடிப்பவர் வேறு, புகுந்தவர் வேறு அல்லவோ? 'செய்து' என்னும் வாய்பாட்டெச்சம் தன் வினைமுதலுக்கே உரிய முடிபைக் கொள்ளும் என்பது தொல்காப்பியம் முதலாக இலக்கணம் வற்புறுத்தும் விதி. பிறவினைமுதல் வருமிடத்துச் 'செய' என்னும் எச்சம் உதவும். ஆகவே 'மணியடிக்க, மாணவர் புகுந்தனர்' என்றாயிற்று. அவ்விதியை உதாரணத்தோடு ஒப்புவிக்க வல்லோர் பலர் அங்கிருந்தனர். ஏட்டில் உறங்கிக் கிடந்த விதி அன்று அந்நகைப்பினால் விழித்தெழுந்தது. இலக்கண வகுப்பையும் கட்டுரை வகுப்பையும் இரண்டு அறைகளில் வைத்து நடத்துதல் தகாது என்பது எம் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி அரைக்கூறு. இதுவே யாம் விரித்துக் கூற விரும்புவது. தமிழ் உரைநடை வளர்ந்த வரலாறே இதற்குச் சான்றாகும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822 - 1879) பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். 1847 முதல் பொதுமக்கள் முன் பிரசங்கம் செய்தவர். சிறுவர்க்குப் பாலபாடம் எழுதியவர். அறியாதார்க்கு அறிவித்தலே அவர் வாழ்நாட் பணி. அப்பணியே அவர் வசனத்தைத் தெளிவித்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்த மறைமலையடிகளின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையும் மாணவர்க்கு விளக்கும் பணியோடு ஒட்டிப் பிறந்ததேயாகும்.

எம் வகுப்பிற்கு அத்தகைய பணி இரண்டாம் பருவத்தில் வந்தது. கல்லூரிக்கு அண்மையிலுள்ள சிற்றூரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் வீட்டிலேயே உடனே செய்யத்தக்கதை விளக்கி, ஒரு பக்கத் துண்டு வெளியீடு எழுதித் தருமாறு பணிக்கப்பட்டோம். மருத்துவம் கற்ற பழைய மாணவர் ஒருவர் செய்தியைத் தந்து, பின்னர்ச் சரிபார்த்தும் உதவினார். வகுப்பார் எழுதியவற்றுள் மிகவும் செவ்விதென்று தெரிந்தெடுக்கப்பட்டதில், 'தூய நீரிற் சர்க்கரையும் உப்பும் அளவறிந்து கலந்து அடிக்கடி அருந்தச் செய்க' என்றிருந்தது. சுருக்கம், ஓசை, இலக்கண வழுவின்மை மூன்றும் அமைந்த வாக்கியம். கைக்குழந்தையோடு வந்திருந்த இளந்தாய் ஒருவர் அதனை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "அளவுன்னா எவ்வளவு தம்பி?" என்று கேட்டார்.

அவ்வினாவில் ஓர் உயிர் அடங்கியிருக்கின்றது. வயிற்றுப்போக்கினால் குழந்தையின் உடலினின்று நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அவ்விழப்பே உயிருக்கு உலை வைப்பது. இழந்ததை உரிய அளவில் ஈடுசெய்யின் பிழைக்கும்; உப்பு மிகின் அதுவே தீங்காகும். ஆகவே அளவை எழுதினோம்: ஒரு லிட்டர் நீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, 1/2 தேக்கரண்டி உப்பு. மீண்டும் வினா எழுந்தது. அவ்வூரிற் 'சர்க்கரை' என்றால் வெல்லத்தூள், வெண்ணிறமானது 'சீனி'. 'தேக்கரண்டி' என்பதை ஒருவரும் சொல்வதில்லை. 'டீ ஸ்பூன்' என்றாலே விளங்கும். 'சமமட்டமாக' என்னும் சொல்லைப் பார்த்து விழித்த மூதாட்டி ஒருவர், விளக்கியதும், "தலை தட்டிப் போடணும்னு சொல்லுங்க" என்றார். எம் வகுப்பார் அனைவரும் கூடித் தேடியும் அகப்படாத சொல் அது.

முடிவில் வெளியீடு இவ்வாறு அமைந்தது: 'கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். தலை தட்டிய டீ ஸ்பூனால் சீனி 6. தலை தட்டிய டீ ஸ்பூனால் உப்பு அரை. நன்றாகக் கலக்கவும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கவும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தாலும், நாக்கு வறண்டாலும், சிறுநீர் குறைந்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு போகவும்.' ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்திற் கிடைக்கும், கிடைத்தால் அதுவே சிறந்தது என்பதும் சேர்க்கப்பட்டது.

நன்னூலார் பத்தழகினுள் 'சுருங்கச் சொல்லல்', 'விளங்க வைத்தல்' என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். அவை எக்காலமும் நட்பாயிருப்பவை அல்ல என்பதை இத்துண்டுத்தாள் காட்டிற்று. 'அளவறிந்து' என்னும் ஒரு சொல் இருந்த இடத்தை இரண்டு வரிகள் கொண்டன. விளங்காத சுருக்கம் 'குன்றக் கூறல்' என்னும் குற்றத்தின் பாற்படும் என்று ஆசிரியர் அன்றுதான் எமக்குக் கூறினார்.

சங்க நூல்களையும் உரையாசிரியர்களையும் கற்க வந்த மாணவர் டீ ஸ்பூனைப் பற்றி எழுதுதல் தமிழுக்கு இழுக்கென்று மேல்வகுப்பு நண்பர் சிலர் கருதினர். அவர் கவலையை யாம் முற்றும் ஒதுக்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையின் நுட்பத்தை ஆராயும் கட்டுரைக்கு அதற்குரிய கலைச்சொற்கள் வேண்டும். அதனைத் துண்டு வெளியீட்டின் நடையில் எழுதப் புகுதல் பேதைமை. ஆயினும் அவ்வாராய்ச்சிக் கட்டுரைகளிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. 'அளவறிந்து' போன்ற சொல் எங்கேனும் தலைகாட்டினால், படிக்கும் நண்பர் உடனே நிறுத்தி, "எவ்வளவு தம்பி?" என்கின்றார். எழுதியவர் சான்று தேடி நூல்நிலையத்திற்குச் செல்கின்றார்.

துண்டு வெளியீடு இப்போது அவ்வூர்ச் சத்துணவுக் கூடத்தின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறையையும் அவ்வாறே எழுதித் தர வேண்டுமென்று 'தலை தட்டி' என்ற சொல்லைத் தந்த மூதாட்டி கேட்டிருக்கின்றார். எம்முள் இருவர் அதனை எழுதி வருகின்றனர். இரண்டாம் முறை அவர்முன் படித்தபோதும் மூன்று இடங்களில் வினா எழுந்தது.